ஆளில்லாத பாலம் – கடிதம்

அன்புள்ள அண்ணா,

டார்க் சோல்ஸ் வீடியோ கேமின் முதல் பாகத்தை முடித்துவிட்டேன். இப்போது இரண்டாம் பாகத்தில் அயர்ன் கீப் என்ற கோட்டை வரை வந்திருக்கிறேன். வரிசையிலேயே மோசமானது இதுதான், முதல் பாகத்தை இயக்கிய மியாசாகி இயக்காததால் இதில் உயிர் இல்லை என்று யூடியூபில் பலரும் சொல்கிறார்கள். எனக்கும் முதல் பாகத்தில் இருந்த ஏதோ ஒன்று இதில் இல்லை என்று தோன்றுகிறது. சாகச் சாக ஹெல்த் குறைந்துகொண்டே போவது வேறு எரிச்சல். இரண்டில் எது கடினம்? இதை விட்டுவிட்டு நேராக மூன்றாம் பாகத்துக்குப் போய்விடலாமா?

ர.

அன்புள்ள தம்பி,

கொஞ்ச நாளாக நானும் இந்த கேமைத்தான் மறுபடி ஆடிக்கொண்டிருக்கிறேன். அதனால் உங்கள் கடிதத்தைப் பார்த்ததும் பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் திட்டு. அயர்ன் கீப் வரை நீங்களே ஆடி வந்திருக்கிறீர்கள். அதன்பிறகு இது நல்ல கேமா என்று யாரோ ஒருவரின் வீடியோவில் போய்த் தேடுவானேன்? பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள், மதிக்கிறேன். கடன் வாங்கிய சலிப்பை மட்டும் என்னிடம் கொண்டுவராதீர்கள்.

மியாசாகி அப்போது பிளட்போர்ன் என்ற வேறொரு கேமின் வேலையில் இருந்தார். 2014 மார்ச்சில் வந்த இந்த இரண்டாம் பாகத்தை டோமோஹிரோ ஷிபுயாவும் யுய் தனிமுராவும் இயக்கினார்கள். அதே தனிமுராதான் 2022இல் மியாசாகியோடு சேர்ந்து எல்டன் ரிங் என்ற கேமை இயக்கினார். இரண்டு கையிலும் ஒரே வகை ஆயுதம் ஏந்தி வீசும் முறையை எல்டன் ரிங்கில் எல்லோரும் கொண்டாடினார்களே, அது இங்கிருந்து போனதுதான். இவர்கள் யாரும் உயிரில்லாத வேலை செய்தவர்கள் அல்ல.

எது கடினம் என்ற கேள்வியை விட்டுவிடலாம். ஆளுக்கு ஆள் அது மாறும்.

ஹெல்த் விஷயத்துக்கு ஒரு வரி. 2009இல் வந்த, இந்த வரிசைக்கு முன்னோடியான டீமன்ஸ் சோல்ஸில் ஒருமுறை செத்தாலே பாதி ஹெல்த் போய்விடும். இங்கே ஒவ்வொரு சாவுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துதான் பாதிக்கு வருகிறது. நடுவில் 2011இல் வந்த முதல் பாகம் அந்தத் தண்டனையை எடுத்துவிட்டது, உங்களுக்கு அது பழகிவிட்டது, அவ்வளவுதான். உண்மையில் கோபப்பட வேண்டியது நம் பாத்திரத்தின் அடாப்டபிலிட்டி என்ற எண் மீது. உருண்டு தப்பிக்கும்போது அடிபடாமல் இருக்கும் அந்தக் கண நேரத்தை இந்த எண்தான் கூட்டுகிறது. கேம் அதைத் தெளிவாகச் சொல்வதே இல்லை. அதற்கு நானும் மன்னிப்பு தரமாட்டேன்.

நீங்கள் தேடும் அந்த ‘ஏதோ ஒன்று’ என்னவென்று எனக்குத் தெரியும். முதல் பாகத்தில் தேவாலயத்திலிருந்து ஒரு லிஃப்டில் இறங்கினால் நாம் அடிக்கடி திரும்பி வரும் இடமான ஃபயர்லிங்க் வந்துவிடும். அத்தனை தூரம் அடிபட்டு ஏறியது நம் வீட்டு மாடிக்குத்தானா என்று திகைத்து நிற்போம். இரண்டாம் பாகத்தில் அது இல்லை. எர்தன் பீக் என்ற கோபுரத்தின் உச்சியில் லிஃப்ட் ஏறுகிறீர்கள், மேலே போனால் எரிமலைக் குழம்பில் அந்த அயர்ன் கீப் கோட்டை. வெளியிலிருந்து பார்த்தால் அந்த உச்சிக்கு மேலே வெறும் வானம்தான். இது கதை நாயகனைப் பிடித்த, நினைவைத் தின்னும் சாபத்தால் வந்த மனமயக்கம், வேண்டுமென்றே செய்தது என்று ரசிகர்கள் சப்பைக்கட்டு கட்டுகிறார்கள். வேண்டாம். அது கோளாறுதான்.

ஆனால் அதே அயர்ன் கீப்பில்தான் இந்த கேம் தன் முன்னோர் செய்யாத ஒன்றைச் செய்கிறது. ஸ்மெல்டர் டீமன் என்ற பாஸிடம், அதாவது பெரிய எதிரியிடம் போகிற வழியில் ஒரு பாலம், கீழே நெருப்பு, நீள வாளோடு ஓடிவரும் அலோன் வீரர்கள், தூரத்திலிருந்து எய்யும் வில்லாளிகள். நாம் செத்தால் மறுபடி எல்லோரும் எழுந்து வருவார்கள். முதல் பாகத்தில் காலம் முழுக்க வருவார்கள். இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. சில முறை கொன்றபின் ஒருவன் வருவதை நிறுத்திக்கொள்வான், அப்புறம் இன்னொருவன். நான் அந்த பாஸிடம் அத்தனை முறை தோற்றேன். ஓர் இரவு பாலத்தில் ஏறினால் யாருமே இல்லை. நெருப்பு கொதிக்கும் சத்தமும் என் காலடிச் சத்தமும்தான். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். என்னால் அந்தப் பாலத்தை ஓடிக் கடக்க முடியவில்லை, நடந்துதான் போனேன்.

தோற்பவர்களுக்காக வைத்த சலுகை என்று இதைப் பரிகசிப்பவர்கள் உண்டு. சலுகையாகவே இருக்கட்டும். ஆனால் அந்த வெறுமையைச் செய்தது நாம். நம் பிடிவாதம் ஓர் ஊரையே துடைத்துவிடும் என்று வேறெந்த கேம் கைகளால் உணர வைத்தது? போட்டி வேண்டுபவர்களுக்கு ஒரு கவனன்ட், அதாவது நாம் சேரக்கூடிய ஒரு குழு இருக்கிறது, அதில் சேர்ந்தால் எதிரிகள் தீரவே மாட்டார்கள். நாம் ஓய்வெடுக்கும் பான்ஃபயர் நெருப்பில் அசெடிக் என்ற பொருளை எரித்தாலும் அந்த இடம் முன்னைவிடக் கடுமையாகத் திரும்பி வரும். அதாவது வெறுமையா போரா என்று நம்மையே தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். இந்த ஒரு யோசனைக்காக அந்த லிஃப்டை நான் பொறுத்துக்கொள்வேன்.

கதையும் இதையேதான் சொல்கிறது. லூகாடியலை வழியில் பார்த்திருப்பீர்கள், முகமூடியும் பெரிய தொப்பியும் அணிந்தவள். சந்திக்கும் ஒவ்வொரு முறையும் அவளிடமிருந்து நினைவு ஏதோ கழன்று போயிருக்கும். கடைசியில் தன் பெயரை நீங்களாவது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சுவாள். பாஸ் சண்டைகளுக்கு அவளைக் கூட்டிப்போங்கள், ஆனால் சாகவிடாதீர்கள். பிறகு வென்ட்ரிக். இத்தனை தூரம் தேடிப்போன அரசன், உடையையும் மோதிரத்தையும் ஒரு மூலையில் போட்டுவிட்டு, வாளை இழுத்துக்கொண்டு வட்டமாகச் சுற்றிக்கொண்டிருப்பான். நீங்கள் அடிக்கும்வரை உங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டான். சற்று நேரம் அவனை அடிக்காமல் நில்லுங்கள், தம்பி. எனக்காக.

மூன்றாம் பாகம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2016இல் வந்தது, வேகமானது, அழகானது, உங்களுக்குப் பிடிக்கும். இப்போது வாங்க வேண்டாம். ஸ்மெல்டர் டீமனை முடித்துவிட்டு எழுதுங்கள், அந்தப் பாலத்தில் எத்தனை பேர் மிச்சம் இருந்தார்கள் என்றும் சொல்லுங்கள்.

அன்புடன்,
அண்ணன்