சாவி அவர் கையில் இருக்கட்டும், தம்பி

தம்பி, மும்பைக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது, கிங்ஸ் சர்க்கிள் ரயில் ஸ்டேஷன் பக்கம் ஒருத்தர் தமிழில் தனக்குத்தானே பேசிக்கொண்டு படுத்துக் கிடக்கிறார், காலில் புண், கிட்டே போனால் சாராய வாடை, எந்த ஆசிரமத்தில் சேர்க்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். நான் வந்த புதிதில் கேட்டதும் இதே கேள்விதான். தாராவியில் இருபத்தாறு வருஷம் ஓட்டியாயிற்று, இப்போது கேட்டால் அவருக்கு ஒரு கோலி பாருங்கள் என்பேன். கோலி என்றால் இங்கே சால் என்கிற வரிசை வீட்டுக் குடியிருப்பில் ஒற்றை ரூம்.

ஏன் என்று சொல்கிறேன். தூத்துக்குடிப் பக்கத்துப் பெரியவர் ஒருவரை நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு விடுதியில் மூன்று முறை சேர்த்தோம். குடித்தால் வெளியே, மாத்திரை போடாவிட்டால் வெளியே, ராத்திரி எட்டு மணி தாண்டினால் கேட் பூட்டு. மூன்றாவது தடவை ஜூலை மழையில் அனுப்பிவிட்டார்கள். திருந்தினால்தான் இடம் என்றால், தெருவில் படுத்துக்கொண்டே எப்படித் திருந்துவது? நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர் 1992-ல் இந்த வரிசையைத் தலைகீழாக்கினார். முதலில் வீடு, குடியும் மருந்தும் அப்புறம் பேசிக்கொள்ளலாம், மருந்து வேண்டாம் என்றாலும் வீடு போகாது. பின்லாந்து 2008-லிருந்து இதையே அரசுத் திட்டமாக எடுத்து, ராத்தங்கல் விடுதிகளைத் தனித்தனி ஃபிளாட்டுகளாக மாற்றியது. வாடகை ஒப்பந்தம் அங்கே குடியிருப்பவர் பெயரிலேயே இருக்கும், அதுதான் விஷயம்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் ஊருக்குத்தான் சரி என்று நினைக்காதீர்கள். சென்னையில் 1993-ல் தொடங்கிய பேன்யன் என்ற மனநலத் தொண்டு நிறுவனம் 2015-லிருந்து நாலைந்து பேராகச் சேர்த்துச் சாதாரணத் தெருக்களில் வாடகை வீடு பிடித்துக் குடிவைக்கிறது, கூடவே துணைக்கு ஆளும் உண்டு. பல வருஷம் மனநலக் காப்பகத்தில் கிடந்தவர்கள் சந்தைக்குப் போய்க் காய் வாங்கிச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். வீடில்லை, குடும்பம் ஏற்கவில்லை என்பதற்காக மட்டும் ஒருவரைக் காப்பகத்திலேயே வைத்திருக்கக் கூடாது என்று 2017-ன் மனநலச் சட்டம் 19-வது பிரிவிலும் எழுதி வைத்திருக்கிறார்கள். எழுதியதோடு சரி, வீடு தேடி அலைவது நம் வேலை.

பெரியவருக்கு அலைந்த கதையையும் கேளுங்கள். இங்கே வாடகை என்றால் லீவ் அண்ட் லைசென்ஸ் என்கிற 11 மாத ஒப்பந்தம், பதிவு செய்ய வேண்டும், போலீசுக்குத் தெரிவிக்க வேண்டும். அவரிடம் ஆதார் கிடையாது. ஆதாருக்கு முகவரி கேட்டார்கள், முகவரிக்கு வீடு வேண்டும், வீட்டுக்கு ஆதார் வேண்டும். அப்போதைய கார்ப்பரேட்டரிடம், அதாவது வார்டு கவுன்சிலரிடம், முகவரிச் சான்றிதழ் வாங்க ஏழு தடவை நடந்தேன். அதுவரை பொறுக்க முடியாமல் ஒப்பந்தத்தை என் பெயரில் போட்டோம், 25,000 டெபாசிட், மாதம் 6,500. என் பெயரில் போட்டது தப்பு. நாலாவது மாதம் அவர் ராத்திரி சத்தம் போட்டார் என்று வீட்டுக்காரர் எனக்கு ஒரு போன் அடித்தார், அதோடு காலி. அவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த கோலி அவர் பெயரிலேயே, ஆதாரோடு.

சாவி கொடுத்தால் எல்லாம் முடிந்தது என்றும் இருக்க முடியாது. முதல் இரண்டு மாதம் பெரியவர் கதவைத் திறந்து போட்டு வாசற்படியில் தலைவைத்துத்தான் படுத்தார். மூடிய கதவுக்குள் தூக்கம் வரவில்லை. குழாயைத் திறந்துவிட்டு மறந்துவிடுவார், கீழ்வீட்டு அக்கா கத்துவார். வாரத்துக்கு மூன்று நாள் ஒருத்தர் போய், டீ குடித்து, மாத்திரை அட்டையை ஒரு பார்வை பார்த்து, அக்காவையும் சமாதானப்படுத்திவிட்டு வருவோம். ஆள் போகாத மாதங்களில்தான் சிக்கல் வந்தது, ஒரு தீபாவளிக்கு எல்லாரும் ஊருக்குப் போய்விட்டுத் திரும்பினால் பாத்திரங்களை விற்றுக் குடித்திருந்தார். புதிதாக வாங்கிக் கொடுத்தோம், வேறென்ன செய்ய. இன்றும் வாரக்கடைசியில் குடிக்கிறார். கருவாட்டுக் குழம்பு வைத்து எனக்கும் எடுத்து வைக்கிறார். சாவியைக் கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருக்கிறார், குளிக்கும்போதுகூடக் கழற்றுவதில்லை.

உங்கள் ஆளுக்கு இப்போதைக்கு அந்தக் கால் புண்தான் முதலில். மனநிலை மோசமாகித் தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாமல் போனால், நான் சொன்ன மனநலச் சட்டத்தின் 100-வது பிரிவுப்படி போலீஸ் ஸ்டேஷன் அதிகாரிதான் அவரைப் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனையில் காட்ட வேண்டும், லாக்கப்பில் வைக்கக் கூடாது. இதைத் தெரிந்துகொண்டு பேசினால் அவர்கள் பேச்சும் மாறும். உங்களுக்கே என்ன செய்வதென்று புரியாவிட்டால் அரசின் மனநல உதவி எண் 14416-க்குப் போன் போடுங்கள், தமிழிலும் பேசுவார்கள்.

எடுத்த எடுப்பில் வீடு, ஆஸ்பத்திரி என்று ஆரம்பிக்காதீர்கள், பயந்து இடத்தை மாற்றிக்கொள்வார். டீயும் பன்னும் வாங்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து எந்த ஊர் என்று மட்டும் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை நானும் வருகிறேன், ஏழு மணிக்குள் வாருங்கள், அப்புறம் ரயில் ஸ்டேஷன்காரர்கள் அவரை எழுப்பி விரட்டிவிடுவார்கள்.