முதல் குழந்தைக்கு இதயத்தில் ஓட்டை: அடுத்த கர்ப்பத்தில் எந்த ஸ்கேன், எப்போது?

கேள்வி: என் மூத்த மகனுக்குப் பிறந்தபோது இதயத்தில் சின்ன ஓட்டை இருந்தது. விஎஸ்டி என்றார்கள். இரண்டு வயதுக்குள் தானாக மூடிக்கொண்டது. இப்போது மறுபடியும் 14 வாரக் கர்ப்பம். கணவர் சொந்த அத்தை மகன். குழந்தையின் உறுப்புகளையெல்லாம் பார்க்கும் அனாமலி ஸ்கேனே போதும் என்கிறார்கள் சிலர், குழந்தையின் இதயத்தை மட்டும் பார்க்கும் ஃபீட்டல் எக்கோ எடு என்கிறார்கள் சிலர். போன தடவை நான் பப்பாளி சாப்பிட்டதுதான் காரணம் என்று மாமியார் இன்னும் சொல்கிறார்.

பதில்: பப்பாளியை முதலில் முடித்துவிடலாம். அதற்கும் இதய ஓட்டைக்கும் சம்பந்தமில்லை. கடைசி மாதவிலக்கிலிருந்து கணக்கிட்டால் சுமார் 10 வாரத்துக்குள் குழந்தையின் இதயம் உருவாகி முடிந்துவிடும். அந்த நாட்களில் கட்டுக்குள் இல்லாத சர்க்கரை, ரூபெல்லா அம்மை, வலிப்புக்கான வால்ப்ரோயேட், முகப்பருவுக்கான ஐசோட்ரெட்டினாயின் போன்றவை இதயத்தைப் பாதிக்கலாம். பெரும்பாலான குழந்தைகளுக்கு இந்தக் காரணம்தான் என்று எதையும் காட்ட முடியாது. உங்கள் மாமியாரிடம் இதை அப்படியே படித்துக் காட்டுங்கள்.

பொதுவாக 100 குழந்தைகளில் ஒன்றுக்கு இதயக் குறைபாடு இருக்கும். மூத்த பிள்ளைக்கு இருந்திருந்தால் அடுத்ததற்கு இது 2 முதல் 3 சதவீதம் ஆகிறது. நெருங்கிய சொந்தத்தில் திருமணம் என்பதால் உங்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடலாம். பயப்படும் அளவல்ல, ஆனால் ஃபீட்டல் எக்கோ கட்டாயம் எடுக்க வேண்டிய அளவு.

அனாமலி ஸ்கேனில் தலை முதல் கால் வரை எல்லாவற்றையும் பார்க்க வேண்டும், இதயத்துக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். நான்கு அறைகளும் சரியாக இருக்கின்றன என்று ரிப்போர்ட் வந்தும், பெரிய ரத்தக்குழாய்கள் இரண்டும் இடம் மாறியிருக்கும் குழந்தைகள் உண்டு. அறைகளை மட்டும் பார்த்தால் அது தெரியாது. குழாய்கள் எங்கிருந்து கிளம்பி எப்படிக் குறுக்கே போகின்றன என்று பார்த்தால்தான் தெரியும். ஃபீட்டல் எக்கோவில் அதைத்தான் நிதானமாகப் பார்ப்போம். குழந்தை முதுகைக் காட்டிப் படுத்திருந்தால் முதுகெலும்பின் நிழல் இதயத்தை மறைக்கும். அப்போது வெளியே கொஞ்சம் நடந்துவிட்டு வரச் சொல்வோம், பதறாதீர்கள்.

18 முதல் 22 வாரத்துக்குள் எடுத்துவிடுங்கள். அதற்கு மேல் தள்ளிப்போட்டால், ஏதாவது தெரியவந்தால் மரபணுப் பரிசோதனை செய்யவும் யோசிக்கவும் நேரம் இருக்காது. சட்டப்படி கருக்கலைப்புக்கும் 24 வாரத்துக்குப் பிறகு மருத்துவக் குழுவின் அனுமதி வேண்டும். போகும்போது மூத்தவனின் பழைய எக்கோ ரிப்போர்ட்டையும், கருவின் கழுத்துக்குப் பின்னால் உள்ள நீரின் தடிமனை அளக்கும் உங்கள் என்டி ஸ்கேன் ரிப்போர்ட்டையும் கையோடு கொண்டுபோங்கள். என்டி அளவு 3.5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் அதுவே எக்கோவுக்கு ஒரு தனிக் காரணம்.

எக்கோ நார்மல் என்றால் எல்லாம் நார்மலா? இல்லை. கருவில் இருக்கும்போது மேல் அறைகளுக்கு நடுவே ஒரு வழியும், பெரிய குழாய்களுக்கு நடுவே ஒரு குழாயும் எல்லாக் குழந்தைக்கும் திறந்தே இருக்கும். பிறந்த பிறகு அவை மூடுமா என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. உங்கள் மகனுக்கு இருந்தது போன்ற சின்ன ஓட்டையும் கண்ணில் படாமல் போகலாம். அவை அவசரமில்லை, பிறகு பார்த்துக்கொள்ளலாம். நாங்கள் தேடுவது வேறு: பிறந்த சில நாட்களில் அந்தக் குழாய் மூடிக்கொள்ளும்போது குழந்தை திடீரென நீலம் பாரித்துவிடும் வகைகளை. முன்பே தெரிந்தால் இதய அறுவை வசதி உள்ள இடத்தில் பிரசவம் வைத்துக்கொண்டு, குழாயைத் திறந்தே வைக்கும் ப்ராஸ்டாகிளாண்டின் மருந்தை உடனே ஏற்றலாம்.

அப்புறம் இன்னொன்று. குழந்தை பிறந்து 24 மணி நேரம் ஆனதும், வீட்டுக்கு அனுப்புவதற்கு முன், வலது கையிலும் ஒரு காலிலும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு இரண்டிலும் 95 சதவீதம் அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும், வித்தியாசம் 3-ஐத் தாண்டக் கூடாது. 90-க்குக் கீழே போனால் காத்திருக்காமல் எக்கோ. சிகிச்சை தேவைப்படும் குறை ஏதாவது தெரிந்தால், அரசின் குழந்தைகள் நலத் திட்டமான ஆர்பிஎஸ்கே-யில் இதயக் குறைபாடும் சேர்ந்திருக்கிறது. குழந்தைகளின் குறைகளை ஆரம்பத்திலேயே கவனிக்கும் உங்கள் மாவட்டத்தின் டிஇஐசி மையத்தில் விசாரித்துப் பதிவு செய்துகொள்ளுங்கள்.