நாய் கடித்துக் கையில் தடுப்பூசி போட்டாயிற்று. காயத்துக்குள்ளும் ஏன் இன்னொரு ஊசி?

கேள்வி: குடியாத்தம் பக்கத்துக் கிராமம். அண்ணன் மகளுக்கு 7 வயது, 18 கிலோ. நேற்று தெருநாய் கெண்டைக்காலைக் கடித்து ரத்தம் வந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கையில் ஊசி போட்டார்கள். காயத்துக்குள் போட வேண்டிய ஊசிக்கு வேலூர் போகச் சொல்கிறார்கள். அவசியமா?

பதில்: கட்டாயம் அவசியம். இன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்கள். ரேபீஸ் வைரஸ் உடம்புக்குள் நுழையும் விதம் தெரிந்தால் ஏன் என்று புரியும்.

அது துப்பாக்கிக் குண்டு வடிவத்தில், சுமார் 180 நானோமீட்டர் நீளம் இருக்கும். வெளியே கொழுப்புச் சவ்வு. அதன்மேல் ஜி என்ற புரதம் முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும். செல்லைப் பிடிப்பதும் உள்ளே நுழைவதும் இந்த முள்ளால்தான். சோப்பு கொழுப்புச் சவ்வைக் கரைத்துவிடும்; சவ்வு போனால் வைரஸால் எதிலும் ஒட்ட முடியாது. குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவச் சொல்வது இதற்காகத்தான். நேற்று சரியாகக் கழுவவில்லை என்றால் இப்போதாவது கழுவுங்கள். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு எதையும் அப்பாதீர்கள். அவை புண்ணை அரிக்குமே தவிர வைரஸை வெளியேற்றாது.

கழுவியும் ஆழத்தில் தங்கிவிட்ட வைரஸ், நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தில் இருக்கும் அசிட்டைல்கோலின் ஏற்பியை (செல்லின் மேல் கைப்பிடி போல இருக்கும் புரதம்) பிடிக்கிறது. இது 1982-லேயே தெரியவந்தது. தசைக்குள் கொஞ்ச நாள் பெருகலாம், நேராக நரம்பு நுனிக்கும் போகலாம். நரம்பில் அது பிடித்துக்கொள்ள என்கேம், பி75 என்று வேறு ஏற்பிகளும் உண்டு. ஒட்டியதும் செல்லே தன் சவ்வைக் குழித்து, வைரஸை ஒரு சின்னப் பைக்குள் வாங்கிக்கொள்ளும். பைக்குள் அமிலம் ஏறி, பிஎச் அளவு சுமார் 6.3-க்கு இறங்கும்போது ஜி புரதம் உருமாறிப் பையின் சவ்வில் குத்தும். இரண்டு சவ்வும் ஒன்றாகி, வைரஸின் மரபுப்பொருளான ஆர்என்ஏ செல்லுக்குள் இறங்கிவிடும். நரம்பில் இது நுனியிலேயே நடந்தாக வேண்டும் என்பதில்லை. முழு வைரஸையும் பையோடு டைனீன் என்ற புரதம் முதுகுத்தண்டை நோக்கி இழுத்துப் போகும், நாளுக்கு 50 முதல் 100 மில்லிமீட்டர் வரை.

நரம்புக்குள் போய்விட்டால் ரத்தத்தில் இருக்கும் எதிர்பொருள் (கிருமியைப் பிடித்து முடக்க உடம்பு செய்யும் புரதம்) அதைத் தொட முடியாது. காட்பாடியில் ரயில் ஏறிப் போய்விட்டவனைப் பிளாட்பாரத்தில் தேடுகிற கதைதான். ஏறுவதற்கு முன்பே பிடிக்க வேண்டும்.

கையில் போட்ட தடுப்பூசி நல்லதுதான், ஆனால் அதைக் கொண்டு உடம்பு போதுமான எதிர்பொருள் செய்ய 7 முதல் 14 நாள் ஆகும். காயத்துக்குள் போடும் இம்யூனோகுளோபுலின் தயார் எதிர்பொருள். அது ஜி முள்ளின்மேல் போய் ஒட்டிக்கொள்வதால் வைரஸால் ஏற்பியைப் பிடிக்க முடியாது. வைரஸ் இருக்கும் இடத்திலேயே மருந்து இருக்க வேண்டும் என்பதால்தான் காயத்தின் உள்ளும் சுற்றிலும் செலுத்துகிறார்கள். மொத்தத்தையும் இடுப்பில் குத்தினால் காயத்துக்கு வந்து சேர்வது மிகக் குறைவு.

அளவு எடைப்படி. குதிரை ரத்தத்திலிருந்து எடுக்கும் இம்யூனோகுளோபுலின் கிலோவுக்கு 40 யூனிட். குழந்தைக்கு 720 யூனிட், மில்லிக்கு 300 யூனிட் உள்ள பாட்டிலில் 2.4 மில்லி. மனித ரத்தத்திலிருந்து எடுப்பது கிலோவுக்கு 20 யூனிட். இந்த அளவைத் தாண்டக் கூடாது, தாண்டினால் தடுப்பூசியின் வேலையையே மந்தமாக்கும். பல இடத்தில் கடி இருந்து மருந்து போதாவிட்டால் சலைனில் கலந்து எல்லாக் காயத்துக்கும் எட்டச் செய்வார்கள். தடுப்பூசி போட்ட இடத்தில் இதைப் போடுவதில்லை. ஒரே சிரிஞ்சும் கூடாது.

தையல் போடுகிறேன் என்று யாராவது சொன்னால், முதலில் இந்த மருந்து உள்ளே போயிற்றா என்று கேளுங்கள். தையல் ஊசி வைரஸை இன்னும் ஆழத்துக்குத் தள்ளும். தைத்தே தீர வேண்டிய காயமென்றால் மருந்து போட்ட பிறகு, தளர்வாக.

வேலூர் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகும்போது தடுப்பூசிச் சீட்டை மறக்காதீர்கள். முதல் தடுப்பூசி போட்டு 7 நாள் தாண்டினால் இம்யூனோகுளோபுலின் போடுவதில்லை, அந்தத் தேதியைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள். இது போட்டாயிற்று என்று மற்ற ஊசிகளை விட்டுவிடவும் கூடாது. தோலுக்குள் போடும் முறையில் முதல் ஊசி நாளை 0 என்று கணக்கிட்டு 3, 7, 28-ம் நாட்களில் போட வேண்டும்.