செயின் அறுந்தால் எஞ்சினும் போய்விட்டதா?

கேள்வி: என்னுடையது 2012ஆம் ஆண்டு பிஎம்டபிள்யூ 520டி டீசல் கார், 178,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. காஜாங்கிலிருந்து செராஸ் வரும்போது ஓட்டத்திலேயே எஞ்சின் நின்றுவிட்டது. ஸ்டார்ட் செய்தால் விர்ரென்று சுற்றுகிறது, பிடிக்கவில்லை. சில வாரங்களாகக் காலையில் கரகரவென்று சத்தம் வந்தது உண்மை. “கம்ப்ரெஷன் பார்த்தோம், சுத்தமாக இல்லை. செயின் அறுந்து எஞ்சின் போய்விட்டது. ஹாஃப்கட் எஞ்சின், அதாவது வெட்டி எடுத்த பழைய காரின் எஞ்சின், போடுங்கள்” என்கிறார்கள் பட்டறையில். சரி சொல்லலாமா?

பதில்: பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டையும் வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டையும் இணைப்பது டைமிங் செயின். அது அறுந்திருக்கும் என்பதுவரை அவர்கள் சொல்வது நியாயம். கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் காற்றழுத்தம்) இல்லை, ஆகவே எஞ்சின் போச்சு என்பது மட்டும் தப்புக் கணக்கு. இன்னும் சரி சொல்லாதீர்கள்.

முதலில் அந்தச் சத்தம். நல்ல டீசல் எஞ்சினை ஸ்டார்ட்டர் சுற்றும்போது, ஒவ்வொரு பிஸ்டனும் காற்றை அழுத்தும் இடத்தில் கொஞ்சம் திணறும். சத்தம் ஏறி இறங்கிக் கேட்கும். கிராங்க் சென்சார் கெட்டு நின்ற காரிலும், டீசல் வராமல் நின்ற காரிலும் அந்தத் தாளம் இருக்கும். உங்களுடையது தையல் மெஷின் மாதிரி ஒரே சீராக ஓடுகிறது என்றால் உள்ளே அழுத்தமே உருவாகவில்லை. காலைக் கரகரப்பையும் சேர்த்துப் பார்த்தால் சந்தேகம் செயின்மேல்தான் விழும். இனி ஸ்டார்ட் பட்டனைத் தொடவே வேண்டாம். உடைந்த துண்டு ஏதாவது உள்ளே கிடந்தால், ஒவ்வொரு சுற்றிலும் சிலிண்டர் சுவர் கீறுபடும்.

சந்தேகத்தை உறுதியாக்க ஸ்டார்ட்டர் தேவையில்லை. எஞ்சின் முன்பக்கம் இருக்கும் கிராங்க் புல்லி போல்ட்டில் சாக்கெட்டை மாட்டி, ஒருவர் கையால் மெதுவாகத் திருப்பட்டும். இன்னொருவர் எஞ்சின் ஆயில் ஊற்றும் வாய் வழியாக டார்ச் அடித்து கேம் நகர்கிறதா என்று பார்க்கட்டும். கிராங்க் சுற்றியும் கேம் அசையவில்லை என்றால் முடிந்தது விஷயம். நடுவில் டக்கென்று முட்டினால் அங்கேயே நிறுத்த வேண்டும், பலம் போடக்கூடாது. ஸ்கேனரில் கேம் சிக்னல் இல்லை என்றோ, கிராங்கும் கேமும் ஒத்துப்போகவில்லை என்னும் பி0016 குறியீடோ வந்தாலும் அதை மட்டும் நம்பிவிடாதீர்கள். சென்சார் கெட்டாலும் இப்படிக் காட்டும்.

உங்கள் காரில் இருப்பது என்47 எஞ்சின். இதில் செயின் முன்னால் இல்லை, பின்னால் கியர்பாக்ஸ் பக்கம். கிராங்கிலிருந்து ஹை பிரஷர் டீசல் பம்புக்கு ஒரு செயின், பம்பிலிருந்து கேமுக்கு இன்னொன்று. எது அறுந்தாலும் கியர்பாக்ஸைக் கழற்றியாக வேண்டும். பல பட்டறைகள் எஞ்சினையே வெளியே எடுத்துவிடும். கூலி ஏறுவதற்கு இதுதான் காரணம்.

இப்போது கம்ப்ரெஷனுக்கு வருவோம். செயின் அறுந்த கணத்தில் கேம் ஏதோ ஒரு கோணத்தில் நின்றுவிடுகிறது. அந்தக் கோணத்தில் சில வால்வுகள் திறந்தே இருக்கும், மேலே வரும் பிஸ்டன் அவற்றில் முட்டி வளைத்துவிடலாம். திறந்த வால்வை வைத்துக்கொண்டு கம்ப்ரெஷன் பார்த்தால், வால்வு வளைந்திருந்தாலும் வளையாவிட்டாலும் கேஜ் பூஜ்யம்தான் காட்டும். அந்தச் சோதனை உங்களுக்கு எதையுமே சொல்லவில்லை.

செய்ய வேண்டியது இது. மேல் கவரையும் கேம்களையும் கழற்றச் சொல்லுங்கள். இதற்கு எஞ்சினை இறக்க வேண்டியதில்லை. கேம் போனதும் ஸ்பிரிங் எல்லா வால்வுகளையும் மூடிவிடும். பிறகு இன்ஜெக்டர் துளை வழியாக ஒவ்வொரு சிலிண்டருக்கும் கம்ப்ரஸர் காற்றைச் செலுத்திக் காதைக் கொடுத்துக் கேட்கட்டும். காற்று உள்வரும் குழாயில் சீறினால் இன்டேக் வால்வு வளைந்திருக்கிறது. எக்ஸாஸ்ட் பக்கம் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு. ஆயில் ஊற்றும் வாயில் பலமாக ஊதினால்தான் பிஸ்டனையோ ரிங்கையோ நினைத்துக் கவலைப்பட வேண்டும். அதே துளையில் கேமரா விட்டுச் சிலிண்டர் சுவரையும் பாருங்கள். பிஸ்டன் தலையில் வால்வு பட்ட லேசான தழும்பு பரவாயில்லை, விரிசல் ஆகாது.

வால்வை அமுக்கும் ராக்கர்களை எண்ணிப் பார்க்கவும் சொல்லுங்கள். இந்த எஞ்சினில் பிஸ்டன் முட்டும்போது பெரும்பாலும் அவைதான் முதலில் ஒடியும். அவை ஒடிந்து வால்வுகள் தப்பிய எஞ்சின்கள் உண்டு. அப்படியானால் ராக்கர், செயின், அதை இறுக்கும் டென்ஷனர், வழிநடத்தும் கைடு, கியர்கள் என்று மாற்றி உங்கள் எஞ்சினையே ஓட்டலாம். சில வால்வுகள் வளைந்திருந்தால் வால்வுகள் இருக்கும் சிலிண்டர் ஹெட் வேலை சேரும், அவ்வளவுதான். சிலிண்டர் சுவரோ பிஸ்டனோ போயிருந்தால் மட்டும் பட்டறை சொன்ன வழி.

அந்த வழியில் போனாலும் ஒன்று. ஹாஃப்கட் எஞ்சினும் அதே என்47தான், அதன் செயின் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது. காரில் ஏற்றும் முன், வெளியே இருக்கும்போதே செயின்களை மாற்றிவிடுங்கள். எஞ்சின் எண் மாறுவதால் புஸ்பாகோம் வாகனப் பரிசோதனையும் மலேசியச் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் பதிவும் வேண்டும். அந்தத் தாள்களைத் தராத கடையில் எத்தனை வெள்ளி குறைத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். உங்கள் எஞ்சினையே வைத்துக்கொள்வதாக இருந்தால் எஞ்சின் அடியிலுள்ள ஆயில் பேனை இறக்கி, உடைந்த கைடின் பிளாஸ்டிக் துண்டுகளை எடுத்து, ஆயில் பம்பின் சல்லடையைச் சுத்தம் செய்யாமல் மூட விடாதீர்கள். அங்கே அடைத்துக்கொண்டால் அடுத்துப் போவது டர்போ.