அடுப்பருகே உட்கார்ந்திருந்தும் கேக் ஏன் கருகியது?

கேள்வி: எனக்கு வயது 43. சிறுவயதில் கிறிஸ்துமஸ் கேக் என்றாலே எனக்கு ஆகாது. உலர்திராட்சையையும் பாகில் ஊறிய ஆரஞ்சுத் தோலையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கி அம்மாவின் தட்டில் போட்டுவிட்டு மிச்சத்தைத்தான் தின்பேன். 25 வயதுக்கு மேல் எப்படியோ அந்த ருசி பிடித்துப்போனது. இப்போது அந்தக் கேக் இல்லாமல் எனக்குப் பண்டிகையே இல்லை. என் பிள்ளைகளோ (மகளுக்கு 14, மகனுக்கு 9) அதைத் தொடவே மறுத்து, கிரீம் கேக் கேட்கிறார்கள். 'சாப்பிட்டுத்தான் ஆகவேண்டும்' என்று நான் சொல்ல, மகன் அழ, சென்ற கிறிஸ்துமஸ் விருந்து சண்டையில் முடிந்தது. பாரம்பரிய ருசியைப் பிள்ளைகளுக்கு எப்படிப் பழக்குவது? ஒருவேளை கேக்கிலும் குறை இருக்கலாம். 74 வயதாகும் என் அம்மா செய்வது இரண்டு ஆண்டுகளாக முன்போல் வருவதில்லை. சர்க்கரை திகட்டுகிறது, கிராம்பு நாக்கை மரத்துப்போகச் செய்கிறது. சென்ற முறை அம்மா அடுப்பருகிலேயே உட்கார்ந்திருந்தும் அடி கருகிவிட்டது. எனவே இந்த ஆண்டு அவரைச் சிரமப்படுத்தாமல் கடையிலேயே வாங்குவதாகச் சொல்லிவிட்டோம்.

பதில்: சகோதரி, பிள்ளைகள் கேக் தின்னாத கதையை விரிவாக எழுதியிருக்கிறீர்கள். அம்மாவைப் பற்றிக் கடைசியில் நான்கு வரி. எனக்கு அந்த நான்கு வரியைத் தாண்டிப் போக முடியவில்லை.

அடுப்பருகிலேயே உட்கார்ந்திருந்தும் அடி கருகிவிட்டது என்கிறீர்கள். சர்க்கரையும் பழமும் நிறைந்த கேக் அடிபிடிக்கத் தொடங்கினால் புகை வருவதற்கு முன்பே அந்தக் கசந்த நெடி வீடெல்லாம் பரவும். அடுத்த அறையில் இருப்பவர்கூட எழுந்து வருவார். ஆண்டுக்கணக்காகக் கேக் செய்த கை, ஓர் எட்டில் உட்கார்ந்திருக்கிறது, நெடி தெரியவில்லை. இது உங்களுக்கு விசித்திரமாகவே படவில்லையா? ஏதோ நினைவில் இருந்திருப்பார் என்பீர்கள். கருகியது மட்டும் என்றால் நானும் ஒப்புக்கொள்வேன். சர்க்கரை கூடுகிறது, கிராம்பு கூடுகிறது, கருகும் வாசனை தெரியவில்லை. இந்த மூன்றையும் உங்கள் கையாலேயே எழுதியிருக்கிறீர்கள். சேர்த்துப் பார்க்கத்தான் உங்களுக்கு நேரமில்லை.

உங்கள் அம்மாவுக்கு வாசனை தெரிவது குறைந்திருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். மருத்துவர் பார்த்து உறுதிசெய்யட்டும். ஆனால் பார்க்கவேண்டும்.

நாம் ருசி என்று சொல்வதில் பெரும்பகுதி மூக்கின் வேலை. மூக்கை இறுகப் பொத்திக்கொண்டு ஒரு துண்டு கேக்கை மென்று பாருங்கள். இனிப்பு தெரியும், ஆரஞ்சுத் தோலின் கசப்பு தெரியும். ஜாதிக்காயும் பட்டையும் எங்கே என்று தேடவேண்டியிருக்கும். விரலை எடுத்த மறுகணம் அத்தனையும் ஒன்றாக வந்து நிற்கும். மெல்லும்போது உணவின் மணம் தொண்டையின் பின்வழியாக மூக்குக்கு ஏறுவதால் நடப்பது இது. வயதாக ஆக அந்த வழியில் வரும் செய்தி மங்குகிறது. அமெரிக்க ஆய்வாளர் ரிச்சர்ட் டோட்டியின் குழு 1984-ல் வெளியிட்ட ஆய்வில், 65 முதல் 80 வயதுக்குள் இருந்தவர்களில் பாதிப்பேருக்கு மேல் வாசனை உணர்வு வெகுவாகக் குறைந்திருந்தது. 80-ஐத் தாண்டியவர்களில் முக்கால்வாசிக்கும் மேல்.

கிராம்புப் பொடியைக் கையில் எடுத்து முகர்ந்து அளவு பிடிப்பவருக்கு மூக்கு மங்கினால் ஒரு சிட்டிகை இரண்டாகிவிடும். இனிப்பை நாக்கு கடைசிவரை ஓரளவு பிடித்துவைத்திருப்பதால், ருசி போதவில்லை என்று தோன்றும்போதெல்லாம் கை சர்க்கரைக்குப் போகும். இந்த மாற்றம் ஆண்டுக்கணக்கில் மெதுவாக வருவது, அவருக்கே தெரிந்திருக்காது. 'இப்போது வரும் கிராம்பில் சத்தே இல்லை' என்று அவர் எப்போதாவது சொன்னாரா? நினைத்துப் பாருங்கள். இந்த நிலையில் இருக்கும் பெரியவர்கள் பலரும் கடைக்காரரைத்தான் குறை சொல்வார்கள்.

இனி நான் கடிந்துகொள்ளப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 'அவரைச் சிரமப்படுத்தாமல்' என்று எழுதியிருக்கிறீர்களே, அவர் சிரமமாக இருக்கிறது என்று சொன்னாரா? கடிதத்தில் அப்படி ஒரு வார்த்தை இல்லை. நீங்கள் சொன்னபோது அவர் என்ன பதில் சொன்னார் என்பதும் இல்லை. ஒரு வீட்டின் கிறிஸ்துமஸ் கேக்கை இத்தனை ஆண்டு செய்தவரிடம் 'இனி வேண்டாம்' என்று சொன்னால், 'உன் கை போய்விட்டது' என்றுதான் அவர் காதில் விழும். அதை எந்த அன்பான சொல்லில் சுற்றிக் கொடுத்தாலும் விழுவது அதுதான். பெற்றவர் கை தடுமாறும்போது பிள்ளைகள் பக்கத்தில் போய் நிற்கவேண்டும் என்று நம்புகிறவள் நான். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. நீங்கள் கேக்கின் ருசியைக் கவனித்தீர்கள், செய்தவரைக் கவனிக்கவில்லை. இரண்டு கிறிஸ்துமஸ் அப்படியே போய்விட்டது.

சரி, செய்யவேண்டியதைச் சொல்கிறேன். இந்த வாரமே அம்மாவைக் காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். வாசனை குறைவதற்கு முதுமை மட்டுமே காரணம் என்று நாமே தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. மூக்கில் வளரும் சதை, ஆறாத சைனஸ் தொந்தரவு, கொரோனா போன்ற கிருமித் தொற்று, சில மருந்துகள் என்று காரணங்கள் பல. சிலவற்றைச் சரிசெய்ய முடியும். பார்க்கின்சன், அல்சைமர் நோய்களிலும் மற்ற அறிகுறிகளுக்கு முன்பே வாசனை மங்குவது உண்டு. பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. வாசனை குறைந்த பெரும்பாலோருக்கு அந்த நோய்கள் இருப்பதில்லை. இருந்தாலும் மருத்துவரிடம் மறைக்காமல் எல்லாவற்றையும் சொல்லுங்கள். மறதி, நடையில் தளர்ச்சி, கை நடுக்கம் ஏதும் இருந்தால் அதையும். அவர் சாப்பிடும் மாத்திரைச் சீட்டுகளைக் கையோடு எடுத்துப் போங்கள். கேக்கில் சர்க்கரை கூடினால் குழம்பில் உப்பும் கூடியிருக்கலாம். ரத்தச் சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் சேர்த்தே பாருங்கள்.

அதற்கு முன், இன்றைக்கே ஒரு காரியம். சமையல் எரிவாயுவுக்கு இயல்பில் வாசனை கிடையாது. கசிந்தால் தெரியவேண்டும் என்பதற்காகவே எத்தில் மெர்காப்டன் என்ற நாற்றமுள்ள பொருளைக் கலக்கிறார்கள். அந்த நாற்றம் தெரியாதவர் தனியாகச் சமைக்கிறார் என்றால் அந்த வீட்டுக்குக் காவலே இல்லை. கசிவைக் கண்டு ஒலியெழுப்பும் கருவி ஒன்றை வாங்கி மாட்டுங்கள். குளிர்பெட்டியில் இருக்கும் உணவின் மேல் தேதி எழுதி ஒட்டுங்கள். கெட்டுப்போன பாலை முகர்ந்து கண்டுபிடிக்க அவரால் இப்போது முடியாமல் இருக்கலாம். வாரம் ஒருமுறை நீங்களே திறந்து பாருங்கள்.

மூக்குக்குப் பயிற்சியும் உண்டு. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் தாமஸ் ஹம்மல் குழுவினர் 2009-ல் வெளியிட்ட முறை அது. ரோஜா, எலுமிச்சை, யூகலிப்டஸ், கிராம்பு ஆகிய நான்கு வாசனைகளைக் காலையும் மாலையும் சில நொடிகள் முகர்ந்து பார்ப்பது; இதைச் சில மாதங்கள் விடாமல் செய்யவேண்டும். எல்லாருக்கும் பலன் கிடைப்பதில்லை. கிருமித் தொற்றால் இழந்தவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கிறது. மருத்துவர் சரி என்றால் செய்து பாருங்கள். நீங்களும் கூட உட்கார்ந்து முகருங்கள்.

பிள்ளைகளைப் பற்றிக் கேட்டீர்கள். அது நீங்கள் நினைக்கிற அளவுக்குப் பெரிய விஷயம் இல்லை. குழந்தை நாக்கு பெரியவர் நாக்கு இல்லை. பெரியவர்களைவிடக் கூடுதலான இனிப்பைக் குழந்தைகள் விரும்புவார்கள். பதின்பருவத்தின் நடுவில்தான் அது இறங்கத் தொடங்கும். கசப்பும் அவர்களுக்குத் தூக்கலாகத் தெரியும். பிலடெல்பியாவின் மோனெல் ஆய்வு மையம் 2005-ல் வெளியிட்ட ஆய்வில், கசப்பை உணரும் மரபணுவில் ஒரே அமைப்பைக் கொண்ட தாய்க்கும் பிள்ளைக்கும் இடையில்கூடப் பிள்ளைக்கே கசப்பு கூடுதலாகத் தெரிந்தது. உங்கள் மகன் ஆரஞ்சுத் தோலைத் துப்புவது அடம் இல்லை. அவன் வாயில் அது உங்களுக்குத் தெரிவதைவிடக் கசப்பான பொருள். போதாக்குறைக்கு நாக்கை மரக்கச்செய்யும் அளவுக்குக் கிராம்பு.

புது ருசி ஒன்றைக் குழந்தை ஏற்றுக்கொள்ளப் பல தடவை அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுவைத்துப் பார்க்கவேண்டும். எட்டு, பத்துத் தடவைக்கு மேலும் ஆகலாம். கத்தரிக்காய் என்றால் இரண்டு மாதத்தில் அந்தக் கணக்கு முடிந்துவிடும். கிறிஸ்துமஸ் கேக் ஆண்டுக்கு ஒருமுறைதானே வருகிறது? பத்துத் தடவை என்றால் பத்து ஆண்டு. நாக்கு முதிர்வதும் அதே ஆண்டுகளில்தான். இந்தப் பண்டிகை உணவு நம்மில் பலருக்கும் வளர்ந்தபிறகே பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன். 'எப்படியோ பிடித்துப்போனது' என்று எழுதியிருக்கிறீர்கள். எப்படியோ இல்லை, சகோதரி. ஒவ்வோர் ஆண்டும் ஒருவர் சலிக்காமல் அதை உங்கள் முன் வைத்தார். நீங்கள் பொறுக்கிப் போட்டதையெல்லாம் தன் தட்டில் வாங்கிக்கொண்டார். திட்டியதாக நீங்கள் எழுதவில்லை. உங்கள் மகன் பொறுக்கியதை வாங்கிக்கொள்ள உங்கள் தட்டை நீட்டினீர்களா? விருந்து மேசையில் ஒன்பது வயதுக் குழந்தையை அழவைத்தீர்கள். கட்டாயப்படுத்தினால் அந்த உணவின் மேல் வெறுப்புதான் வளரும். 'இதைத் தின்றால் கிரீம் கேக் தருகிறேன்' என்ற பேரமும் வேண்டாம். அப்படிப் பேரம் பேசிக் கொடுத்த உணவு குழந்தைகளுக்கு முன்பைவிடப் பிடிக்காமல் போவதை லீயன் பர்ச் போன்ற உளவியலாளர்கள் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். ஒரு சிறு துண்டு வையுங்கள். தின்றால் தின்னட்டும்.

இந்த ஆண்டுக் கேக் உங்கள் வீட்டில்தான் ஆகவேண்டும். இங்கிலாந்தில், கிறிஸ்துமஸுக்கு முன் வரும் திருவருகைக் காலம் தொடங்குவதற்கு முந்தைய ஞாயிறன்று கிறிஸ்துமஸ் புட்டிங்குக்கான கலவையை வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் கரண்டி பிடித்து ஒருமுறை கிண்டும் வழக்கம் உண்டு. நீங்களும் ஒரு நாள் குறித்து அப்படிச் செய்யுங்கள். கலவையின் பதம் அம்மாவின் விரலுக்குத் தெரியும். நடுவில் குச்சி குத்தி எடுத்து, ஒட்டுகிறதா என்று பார்க்க அவர் கண்ணுக்குத் தெரியும். அதெல்லாம் எங்கும் போகவில்லை. பழைய ருசி எப்படி இருந்தது என்பது உங்கள் நினைவில் இருக்கிறது. சர்க்கரையையும் மசாலாப் பொடியையும் மகள் தராசில் நிறுத்து எழுதிவைக்கட்டும். கேக் வேகும்போது அடுப்பருகே பாட்டியோடு மகனையும் உட்காரவையுங்கள். நெடி மாறினால் உடனே சொல்லவேண்டியது அவன் பொறுப்பு. பழத்தை மதுவில் ஊறப்போடுவது உங்கள் வழக்கமானால், பிள்ளைகளுக்கான பங்கை ஆரஞ்சுச் சாற்றில் ஊறப்போடுங்கள். அடுப்பில் வெந்தாலும் மது முழுவதும் போய்விடுவதில்லை. அவர்களின் சிறு கேக்கில் தோல் வேண்டாம், கிராம்பு பேருக்கு இருந்தால் போதும்.

மூக்கைப் பற்றி அம்மாவிடம் பேசும்போது பிள்ளைகள் பக்கத்தில் இருக்கவேண்டாம். கருகிய கேக்கைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள். 'சமைக்கும்போது முன்புபோல வாசனை தெரிகிறதா, அம்மா?' என்று கேட்டுவிட்டு அவர் பேசும்வரை காத்திருங்கள். தனக்கே ஏதோ மாறியிருப்பது அவருக்குத் தெரிந்திருந்தால், இத்தனை நாள் சொல்ல ஆள் இல்லாமல்தான் வைத்திருந்திருப்பார்.

கடையில் கேக்குக்கு முன்பணம் கொடுத்திருந்தால் அது போகட்டும். வேண்டாம் என்று அங்கே சொல்லிவிட்டு, அம்மாவிடம் தொலைபேசியில் சொல்லாமல் நேரில் போய்ச் சொல்லுங்கள்.