விதையில் இருப்பதும் மாத்திரையில் இருப்பதும் ஒன்றுதானே?

கேள்வி: மூலனூர் பக்கம் எங்களுக்குத் தோட்டம். கண்வலிக்கிழங்கு போட்டிருக்கிறோம். அப்பாவுக்கு யூரிக் ஆசிட் கூடி, வருடத்தில் இரண்டு மூன்று முறை கால் பெருவிரல் சிவந்து வீங்கி, ஊன்றவே முடியாமல் போகிறது. டாக்டர் கோல்ச்சிசின் மாத்திரை தருவார், குறையும். விதை வாங்க வந்த வியாபாரி, “அந்த மாத்திரையே உங்க விதையிலிருந்துதான் எடுக்கிறாங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். அதிலிருந்து அப்பா, “நம்ம காட்டுல விளையறதுக்கு எதுக்குக் காசு குடுக்கோணும், ரெண்டு விதையை நுணுக்கித் தேன்ல குழைச்சுத் தின்னா ஆச்சு” என்கிறார். இயற்கையானதுதானே, சாப்பிடலாமா?

பதில்: சாப்பிடவே கூடாது. ஒரு விதைகூட வேண்டாம். இதை இப்போதே அப்பாவிடம் சொல்லிவிடுங்கள், மீதியை அப்புறம் படித்துக்கொள்ளலாம்.

வியாபாரி சொன்னது உண்மைதான். கோல்ச்சிசினை 1820-இல் இரண்டு பிரெஞ்சு வேதியியலாளர்கள் ஐரோப்பியக் கிழங்குச் செடி ஒன்றிலிருந்து பிரித்தெடுத்தார்கள். அந்தச் செடியும் நம் செங்காந்தளும், அதாவது உங்கள் கண்வலிக்கிழங்கும், ஒரே குடும்பம். முள்கிளுவையில் ஏறிப் படர்ந்து, காலையில் ஆள்விட்டு ஒவ்வொரு பூவாக மகரந்தம் தொட்டுவைத்து நீங்கள் விளைவிக்கும் விதைக்கு அவ்வளவு விலை கிடைப்பதே இந்தப் பொருளுக்காகத்தான்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். மாத்திரை ஒன்றில் இருப்பது அரை மில்லிகிராம். வலி வந்த நாளில் பொதுவாக மூன்று மாத்திரைக்கு மேல் எழுதமாட்டோம். விதையில் நூற்றுக்கு அரைப் பங்குதான் கோல்ச்சிசின் என்று வைத்துக்கொண்டாலும், ஒரு கிராம் விதையில் 5 மில்லிகிராம், அதாவது பத்து மாத்திரை. அந்த அரைப் பங்கும் நிலையானதல்ல. மண், செடியின் வயது, காய் முற்றிய பக்குவம் என்று ஒவ்வொன்றுக்கும் மாறும். ஒரே காட்டில் பறித்த இரண்டு கை விதை ஒன்றுபோல் இருக்காது. கண்ணால் பார்த்தோ நாக்கில் வைத்தோ கண்டுபிடிக்கவும் வழியில்லை. வறுத்தாலும் வேகவைத்தாலும் அது அழியாது, தேனும் அதை முறிக்காது.

இந்த மருந்து உடம்பில் செய்யும் வேலையே கொஞ்சம் முரட்டு வேலை. மூட்டில் யூரிக் அமிலப் படிகம் சேர்ந்ததும் வெள்ளணுக்கள் அங்கே திரண்டு ஓடும், அதனால்தான் வீக்கமும் எரிச்சலும். அணுவுக்குள் இருக்கும் நுண்ணிய இழைகளைக் கட்டவிடாமல் செய்து அந்த ஓட்டத்தை கோல்ச்சிசின் நிறுத்துகிறது. அளவு மீறினால் குடல், எலும்பு மஜ்ஜை என்று வேகமாகப் புதிது புதிதாக அணு உண்டாகும் இடங்களிலெல்லாம் அதே வேலையைச் செய்யும். முதல் சில மணி நேரம் ஒன்றுமே தெரியாது. அப்புறம் வாந்தியும் பேதியும். அது நின்று ‘தேறிவிட்டார்’ என்று நினைக்கும்போது, இரண்டாம் மூன்றாம் நாளில் சிறுநீரகமும் இதயமும் தளரும், ரத்த அணுக்கள் சரியும். நமது மருத்துவமனைகளில் இதற்கு மாற்று மருந்து கிடையாது. அதனால் யாராவது தெரியாமல் தின்றுவிட்டால், ஒன்றும் செய்யவில்லையே என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிட்டு, அந்த விதையையும் கையோடு எடுத்துப் போங்கள்.

இயற்கையானதுதானே என்று கேட்டிருக்கிறீர்கள். மஞ்சளும் இயற்கைதான். அதற்கு நிறம் தரும் குர்குமின் என்ற பொருள் நூற்றுக்கு மூன்று பங்கு அளவில் இருக்கிறது, குழம்பில் ஒரு ஸ்பூன் போட்டால் பெரும்பாலும் உடம்பில் சேராமலே வெளியேறிவிடும். ஒரு செடி தனக்குள் என்ன தயாரித்து வைத்திருக்கிறது, அதில் எவ்வளவு நம் உடம்பு தாங்கும் என்பதுதான் கேள்வி. கண்வலிக்கிழங்கில் மருந்துக்கும் விஷத்துக்கும் நடுவே இடைவெளி மிகமிகக் குறைவு. சித்த மருத்துவமும் இதை நஞ்சு என்றே வகைப்படுத்தி, நஞ்சைக் குறைக்கும் சுத்தி முறை செய்யாமல் தொடக்கூடாது என்கிறது. அதுவும் படித்த வைத்தியர் கையில்தான்.

அறுவடை நாட்களில் இன்னும் கவனம் வேண்டும். விதை உதிர்த்த கையை சோப்புப் போட்டுக் கழுவாமல் சோற்றில் வைக்கக்கூடாது. தோட்டத்து வீட்டில் சாப்பாட்டுச் சாமான் பக்கத்தில் விதை மூட்டை இருக்க வேண்டாம். உதிர்ந்த விதை செக்கச்செவேல் என்று மணிபோல் இருக்கும், களத்தில் விளையாடும் குழந்தைகள் எடுத்து வாயில் போட்டுவிடுவார்கள்.

சரி, அப்பாவின் காலுக்கு வருவோம். வருடத்தில் இரண்டு மூன்று முறை வருகிறது என்றால், வந்தபோது மாத்திரை போடுவது மட்டும் போதாது. யூரிக் அமிலத்தையே குறைக்கும் அலோபியூரினால் போன்ற மாத்திரையைத் தினமும் எடுக்க வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். அதை ஆரம்பித்த முதல் மாதங்களில் வலி ஒருமுறை தலைகாட்டலாம், பயந்து நிறுத்திவிடக் கூடாது. ஈரல், குடல் கறியைக் குறைக்கட்டும். பீர் குடிப்பவராக இருந்தால் அதை நிறுத்தட்டும். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையை ஒருமுறை பார்த்துவிடுங்கள், சிறுநீரகம் தளர்ந்திருந்தால் மாத்திரைக் கோல்ச்சிசினே அளவு மாற வேண்டும். கிளாரித்ரோமைசின் (கிருமிக்கொல்லி), டில்டியாசெம் (ரத்த அழுத்தம், இதய மருந்து) போன்ற மருந்துகளோடு சேர்ந்தாலும் கோல்ச்சிசின் உடம்பில் தங்கிப்போகும். அப்பா வேறென்ன மாத்திரை சாப்பிடுகிறாரோ, எல்லா அட்டையையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் எடுத்துப் போங்கள்.