தும்பிக்கு மருந்து அடிக்கலாமா?

கேள்வி: தொண்டைமானாற்றுக் கடல்நீரேரிக் கரையில் எட்டுப் பரப்பு வயல். விதைத்து 35 நாள். நாலைந்து நாளாகச் சிவப்புத் தும்பிகள் கூட்டமாக வந்து நெல்லிலும் வேலிக் குச்சிகளின் நுனியிலும் இருக்கின்றன. கரைப்பக்கம் இலைநுனி கருகுகிறது. தும்பிதான் சாற்றை உறிஞ்சுகிறது என்று மருந்துக்கடையில் ஒரு போத்தல் தந்தார்கள். அடிக்கலாமா?
— வடமராட்சி விவசாயி

பதில்: தம்பி, போத்தலைத் திறக்கவில்லை என்றால் இன்றைக்கே திருப்பிக் கொடுங்கள். தும்பிக்குச் சாறு உறிஞ்சும் வாயே கிடையாது. நுளம்பு, தத்தி, சிறு அந்துப்பூச்சி என்று பறப்பதைப் பிடித்துக் கடித்துத் தின்னும். இது தெரியாமல் ஒருவர் மருந்து விற்பது எனக்குக் கோபத்தையே தருகிறது. தெரிந்தே விற்றிருந்தால் அது இன்னும் மோசம்.

விதைத்து முதல் 40 நாளைக்குப் பூச்சிமருந்துக் கருவியைத் தொடவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அந்த வயதில் இலையைக் கொஞ்சம் பூச்சி தின்றாலும் நெல் மட்டம் வெடித்து, அதாவது அடியிலிருந்து புதுத் தண்டு விட்டு, ஈடுகட்டிவிடும். மருந்து அடித்தால் முதலில் சாவது சிலந்தியும் தும்பியும். நெல்லின் சாற்றை உண்மையில் உறிஞ்சும் கபில நிறத் தத்தியின் முட்டையோ இலையுறைக்குள் பத்திரமாக இருக்கும். அது பொரிக்கும்போது தின்ன ஆளில்லை. பிறகு கதிர் வரும் நேரம் வயல் வட்டம் வட்டமாகக் காய்ந்தால், அதே கடை இன்னொரு போத்தல் தரும். சந்தேகம் இருந்தால் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே அடித்தண்டைத் தட்டிப் பாருங்கள், தத்தி இருந்தால் தண்ணீரில் விழும்.

சரி, நீங்கள் போகிறபோக்கில் எழுதிய அந்தக் கருகலுக்கு வருவோம். கரைப்பக்கம் மட்டும் என்றால் எனக்கு உப்பு என்றே படுகிறது. குச்சி நுனியில் இருக்கும் சிவப்புத் தும்பி மக்ரோடிப்பிளக்ஸ் கோராவாக இருக்கலாம். கிழக்கு ஆபிரிக்கா முதல் பசிபிக் தீவுகள் வரை கடலோரமாக வாழும் இனம், குஞ்சு உவர்நீரிலும் வளரும். வெகுதூரம் பறப்பது என்பதால் அதை வைத்து உங்கள் மண்ணைத் தீர்மானிக்க முடியாது. வரம்பில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறதா பாருங்கள். கருகிய இடத்து மண்ணையும் வாய்க்கால் தண்ணீரையும் விவசாயப் போதனாசிரியரிடம் கொடுத்து உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறனை அளக்கச் சொல்லுங்கள். மண்ணில் அது மீற்றருக்கு 3 டெசிசீமன்ஸ் தாண்டினால் நெல் விளைச்சல் இறங்கத் தொடங்கும்.

உப்புத்தான் என்றால் யூரியா போட்டு அந்த இடத்தைப் பச்சையாக்கப் பார்க்காதீர்கள். அடுத்த மழையோடு நிற்கும் தண்ணீரை வடித்துவிட்டு, புது மழைநீரைக் கட்டுங்கள். கரைப்பக்க வரம்பை இந்தக் கிழமையே உயர்த்துங்கள். மழை நாலைந்து நாள் விட்டால் உப்பு மேலே ஏறிவிடும்.